அமங் அஸ்: உங்கள் மீது சந்தேகம் விழும்போது என்ன செய்வது? ஒரு முழுமையான வழிகாட்டி

எலக்ட்ரிகலில் ஒரு பாடி கிடக்கிறது. ரிப்போர்ட் அடித்தவர், "ப்ளூ அந்தப் பக்கத்துல இருந்துதான் வந்தான், நான் பார்த்தேன்" என்கிறார். நீங்கள்தான் ப்ளூ. நீங்கள் செய்ததெல்லாம் ஸ்டோரேஜில் கேனை நிரப்பி, லோயர் எஞ்சினில் ஊற்றிவிட்டுத் திரும்பியதுதான். அந்த வழி எலக்ட்ரிகல் வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஆனால் பதற்றத்தில் உங்கள் வாயில் வருவது "நான் இல்லடா, சத்தியமா நான் இல்ல" மட்டும்தான். அரை நிமிடத்துக்குள் ஆறு வோட்டு விழுந்துவிடுகிறது. கொலை செய்தவரும் அந்த ஆறு பேரில் ஒருவர்.

அமங் அஸ் பலர் சேர்ந்து ஆடும் வீடியோ கேம். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். பெரும்பாலானோர் க்ரூ, டாஸ்க் எனப்படும் சின்னச் சின்ன வேலைகளை முடிப்பார்கள். அவர்களுக்குள் ஒளிந்திருக்கும் இம்போஸ்டர்கள் ஒவ்வொருவராகக் கொல்வார்கள். பாடியைப் பார்த்தவர் ரிப்போர்ட் அடித்தால் மீட்டிங், அங்கே பேசி வோட்டு போட்டு ஒருவரை வெளியேற்றலாம். 2020 ஊரடங்கில் சித்தி, பெரியம்மா பிள்ளைகளோடு இந்த ஆட்டத்தை ஆடத் தொடங்கினேன். இப்போதும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவு கூடுகிறோம். ஆரம்ப வாரங்களில் இம்போஸ்டராக இருந்து பிடிபட்டதைவிட, க்ரூவாக இருந்து வெளியேற்றப்பட்டதுதான் எனக்கு அதிகம். ஏன் அப்படி ஆகிறது என்று கவனித்துக் கவனித்து மாற்றிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. "என்னை நம்புங்கள்" என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ளும்படி ஏதாவது ஒன்றைக் கையில் கொடுங்கள்.

உதாரணங்கள் எல்லாம் ஸ்கெல்ட் என்ற விண்கல மேப்பை வைத்து, 10 பேர், 2 இம்போஸ்டர் என்ற கணக்கில் வரும். மற்ற மேப்களில் அறைகளின் பெயர் மாறும், முறை மாறாது.

குரலை நம்பி இறங்காதீர்கள்

சின்ன வயதில் சீட்டு எழுதி மடித்துப் போட்டு ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் விளையாடியிருப்போம். போலீஸ் சீட்டு கிடைத்தவன் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். யார் சிரிப்பை அடக்குகிறார்களோ அவர்கள்தான் திருடன். நம்மில் பலர் அதே பழக்கத்தோடு இந்த ஆட்டத்துக்கும் வருகிறோம். குரல் நடுங்கினால் சந்தேகம், சிரித்தால் சந்தேகம், பேசாமல் இருந்தால் பெரிய சந்தேகம்.

சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள், மனிதர்கள் பொய்யை எவ்வளவு சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரி 54 சதவீதம். காசைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே 50 வரும். அதனால் உங்கள் குரலைக் கேட்டு வோட்டு போடுகிறவர் ஏறக்குறைய குருட்டாம்போக்கில்தான் போடுகிறார். உண்மை சொல்கிறவருக்கும், நம்ப மாட்டார்களோ என்ற பயத்தில் குரல் நடுங்கும். அதை மறைக்கப் பாடுபடுவது வீண் வேலை. நடுங்கிய குரலிலேயே சரியான தகவலைச் சொல்லுங்கள், போதும்.

இந்த ஆட்டத்தில் அது முடியும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1980களில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த திமித்ரி டேவிடாஃப் 'மாஃபியா' ஆட்டத்தை உருவாக்கினார். 1997-ல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதற்கு ஓநாய் மனிதர்கள் கதையைப் போர்த்தினார். 2018-ல் இன்னர்ஸ்லாத் நிறுவனம் வெளியிட்ட அமங் அஸ் அதே குடும்பத்தில் வந்த பேரப்பிள்ளை. மாஃபியாவில் இரவானதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். கொலை நடந்தபோது எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இங்கே எல்லோரும் கண்ணைத் திறந்துகொண்டு நடமாடுகிறோம். இடம், நேரம், வழி, டாஸ்க் என்று காலடிக்குக் காலடி தடயம் விழுகிறது. மாஃபியாவில் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்காத வசதி இது.

முதல் படி: சந்தேகம் வருவதற்கு முன்பே

தற்காப்பில் பெரும்பகுதி மீட்டிங் தொடங்குவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கியதும் டாஸ்க் பட்டியலை ஒரு முறை படியுங்கள். ஸ்கெல்ட்டில் கார்டு ஸ்வைப், வயரிங் ஆகிய இரண்டும் பொது டாஸ்க். ஒரு க்ரூவுக்கு இருந்தால் எல்லா க்ரூவுக்கும் இருக்கும். இம்போஸ்டருக்குக் காட்டப்படும் பட்டியல் வெறும் பாசாங்கு, அவரால் எதையும் முடிக்க முடியாது. யாருக்குமே கார்டு ஸ்வைப் இல்லாத ஆட்டத்தில் ஒருவர் அட்மினில் கார்டு தேய்ப்பதுபோல நின்றால் அவர் கதை அங்கேயே முடிந்தது. இதைத் தெரிந்து வைத்திருப்பது, பிறகு உங்களைக் காப்பாற்றிக்கொள்ளவும் உதவும்.

அடுத்து, கண்ணுக்குத் தெரிகிற டாஸ்க்குகள். மெட்பேயில் ஸ்கேன், வெப்பன்ஸில் விண்கற்களைச் சுடுவது, ஷீல்ட்ஸில் கவசத்தை ஏற்றுவது, ஸ்டோரேஜில் குப்பையைக் கொட்டுவது. ஹோஸ்ட் (ஆட்டத்தை அமைத்து நடத்துபவர்) இவற்றை அணைத்து வைக்கவில்லை என்றால், நீங்கள் செய்வதை அருகில் நிற்பவர் கண்ணால் பார்க்கலாம். இம்போஸ்டரால் இவற்றைச் செய்துகாட்ட முடியாது. உங்களுக்கு ஸ்கேன் வந்திருக்கிறதா? தனியாகப் போய் அவசரமாக முடித்துவிடாதீர்கள். கையில் இருக்கும் ஒரே அடையாள அட்டையை யாரும் பார்க்காத நேரத்தில் நீட்டியதுபோல ஆகிவிடும். எதிரே வருகிறவரைச் சுற்றி வந்து நின்று, மெட்பே பக்கம் நடந்து காட்டுங்கள், பின்னால் வருவார்கள். சாட்சி இரண்டு பேராக இருந்தால் நல்லது. ஒரே சாட்சி என்றால் அவர் செத்துப்போகலாம், அல்லது அவரே இம்போஸ்டராக இருந்து "நான் எதையும் பார்க்கலையே" என்று கைவிரிக்கலாம். எனக்கு இரண்டும் நடந்திருக்கின்றன.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: கடைசி மூன்று அறைகளும், அங்கே பார்த்த ஆட்களும். நான் நடந்துகொண்டே வாய்க்குள் முணுமுணுப்பேன். "அட்மின், பிங்க். ஸ்டோரேஜ், யாருமில்லை. ஷீல்ட்ஸ், யெல்லோ கீழே போனான்." நான்காவது அறை வந்ததும் முதல் அறையை விட்டுவிடுவேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்ததுபோலத்தான், ஒரு வாரத்தில் பழகிவிடும். மீட்டிங் மணி அடித்த பிறகு நினைவுபடுத்த முயன்றால் அறைகள் குழம்பும். அந்தக் குழப்பம் கேட்பவர் காதுக்குப் பொய்போலவே இருக்கும்.

இன்னொன்று, வென்ட் (இம்போஸ்டர் புகுந்து அறை மாறும் காற்றுக் குழாய்) எந்தெந்த அறைகளை இணைக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிய வேண்டும். எலக்ட்ரிகல், மெட்பே, செக்யூரிட்டி மூன்றும் ஒரு கூட்டு. கஃபெட்டீரியா, அட்மின், வலது பக்க நடைபாதை மூன்றும் இன்னொரு கூட்டு. ரியாக்டரிலிருந்து மேல் எஞ்சினுக்கும் கீழ் எஞ்சினுக்கும் தனித்தனி வழி. வெப்பன்ஸும் ஷீல்ட்ஸும் தனித்தனியாக நேவிகேஷனோடு இணையும். பாடி மெட்பேயில் கிடக்கும்போது "நான் எலக்ட்ரிகல்ல இருந்தேன், அவ்வளவு தூரத்துல" என்று சொன்னால், விவரம் தெரிந்தவர்களுக்கு நீங்கள் பக்கத்து அறையில் நின்றதுபோலத்தான் கேட்கும். அந்தச் சங்கடத்தை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்: "எலக்ட்ரிகல்ல தனியாத்தான் இருந்தேன். வென்ட் வழி இருக்குன்னு தெரியும். ஆனா உள்ள நுழையும்போது பிங்க் என்னைப் பார்த்தான், அங்கிருந்து கணக்குப் போட்டுக்கோங்க."

இரண்டாம் படி: மீட்டிங்கின் முதல் பத்து விநாடி

யாராவது உங்கள் பெயரைச் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள். பாடி எங்கே கிடந்தது என்று தெரிந்த உடனே நீங்கள் இருந்த இடத்தைச் சொல்லிவிடுங்கள். கேட்ட பிறகு சொல்வது வாக்குமூலம்போல ஆகிவிடும். கேட்காமல் சொன்னால் அது மற்றவர்களுக்கு ஒரு தகவல், அவ்வளவுதான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பாடி எங்கே என்று ரிப்போர்ட் அடித்தவர் சொல்லும் முன்பே, "நான் எலக்ட்ரிகல் பக்கமே போகலையே" என்று எலக்ட்ரிகலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடாதீர்கள். பாடி அங்கேதான் என்றால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி உடனே வரும். க்ரூவும் இந்தத் தவறைச் செய்வதுண்டு. எலக்ட்ரிகலில்தான் அடிக்கடி கொலை நடக்கிறது என்ற நினைப்பில் வாய் தவறி வந்துவிடும். முதல் வாக்கியம் "பாடி எங்கே?" என்பதாகவே இருக்கட்டும்.

பதிலில் நான்கு துண்டுகள் இருந்தால் போதும். எங்கே இருந்தேன், என்ன செய்தேன், யாரைப் பார்த்தேன், எப்போது. இரண்டு பதில்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"நான் டாஸ்க் பண்ணிட்டு இருந்தேன்பா. அங்கயும் இங்கயும் போனேன். நான் இல்ல."

"லைட்ஸ் சரியானதும் ஸ்டோரேஜ்ல கேன் நிரப்பினேன். லோயர் எஞ்சின்ல ஊத்திட்டு திரும்பினேன். போகும்போது எலக்ட்ரிகல் வாசல்ல யெல்லோ உள்ள போறதைப் பார்த்தேன். வரும்போது உள்ள பார்க்கல."

இரண்டாவதில் மறுக்கக்கூடிய இடங்கள் நிறைய இருக்கின்றன. யெல்லோ உயிரோடு இருந்தால் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லலாம். வேறு யாராவது ஸ்டோரேஜில் இருந்திருந்தால் குறுக்கிடலாம். பொய் சொல்கிறவர் இவ்வளவு கதவுகளைத் திறந்து வைக்க மாட்டார், அதனால்தான் இப்படிப் பேசுகிறவர் மீது நம்பிக்கை வருகிறது. "வரும்போது உள்ள பார்க்கல" என்ற கடைசித் துண்டும் முக்கியம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால், தெரிந்ததாகச் சொன்ன மற்றவற்றுக்கு எடை கூடும்.

எழுத்து வழியில் ஆடுகிறீர்கள் என்றால் முழு வாக்கியம் வேண்டாம். நீங்கள் நீளமாகத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் வோட்டு முடிந்திருக்கும். "ஸ்டோரேஜ், லோயர், யெல்லோ எலக் உள்ள" என்று நான்கைந்து சொல் போதும். முதல் செய்தியில் இடத்தையும் ஆளையும் போட்டுவிட்டு, மீதியை அடுத்த செய்தியில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: எந்த வகைக் குற்றச்சாட்டு என்று பாருங்கள்

எல்லாச் சந்தேகத்துக்கும் ஒரே பதில் சொல்வதால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

"பாடி பக்கத்துல உன்னைப் பார்த்தேன்." இது உண்மையாக இருந்தால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள். ஆரம்ப நாட்களில் ஒரு முறை, பயத்தில், நான் அந்த நடைபாதைக்கே போகவில்லை என்று சொன்னேன். என் பெரியம்மா மகள் செக்யூரிட்டியில் கேமரா பார்த்துக்கொண்டிருந்தாள். "டேய் தம்பி, மெட்பே கேமரால உன்னைப் பார்த்தேனேடா" என்றாள். அதற்குப் பிறகு நான் சொன்ன உண்மைகளில் ஒன்றுகூட எடுபடவில்லை. நான் க்ரூ, கொலைக்கும் எனக்கும் தொடர்பே இல்லை, ஆனால் வெளியேற்றப்பட்டதற்கு அந்த ஒரு பொய் போதுமானதாக இருந்தது. இப்போது நான் சொல்வது: "ஆமா, அங்கதான் இருந்தேன். கேமரா சிவப்பா மின்னிட்டு இருந்தது, யாரோ பார்த்துட்டு இருந்திருக்கீங்க. யாரு? நான் எந்தப் பக்கம் போனேன்னு சொல்லுங்க." யாராவது கேமரா பார்க்கும்போது அதன் விளக்கு மின்னும். அதைக் கவனித்து வைத்திருந்தால் உங்களுக்கு எங்கோ ஒரு சாட்சி இருக்கிறார் என்று பொருள்.

"வென்ட்ல இருந்து வெளிய வந்ததைப் பார்த்தேன்." இதுதான் கனமான குற்றச்சாட்டு. இதில் நடுவாந்தரமான விளக்கம் எதுவும் எடுபடாது. நீங்கள் வென்ட்டில் போகவில்லை என்று உங்களுக்குத் தெரியும் என்பதால், மீதி இரண்டே வழிதான்: ஒன்று அவர் பொய் சொல்கிறார், இல்லை ஆள் மாறிப் பார்த்திருக்கிறார். இதை அப்படியே சொல்லிவிட்டு, இரண்டாவதை முதலில் விசாரியுங்கள். லைட்ஸ் அணைந்திருந்ததா? பச்சையும் லைமும் ஒன்றாகத் தெரிந்ததா? லாபியில் எஞ்சினியர் இருக்கிறாரா? 2021 நவம்பரில் சேர்ந்த பாத்திரங்களில் எஞ்சினியரும் வென்ட்டில் போகலாம், ஷேப்ஷிஃப்டர் உங்கள் உருவத்தையே எடுத்துக்கொண்டு நடமாடலாம். இந்தப் பாத்திரங்கள் இயக்கத்தில் இருக்கிறதா என்று ஹோஸ்ட்டிடம் எல்லோர் முன்னாலும் கேளுங்கள். எதுவும் பொருந்தவில்லை என்றால்தான் "அப்போ அவன்தான் இம்போஸ்டர்" என்ற முடிவுக்கு வர வேண்டும். படிப்படியாக அங்கே வந்து சேர்ந்தால் கேட்பவர்களும் உங்களோடு நடந்து வருவார்கள். முதலிலேயே "நீதான்டா இம்போஸ்டர்" என்று திருப்பி அடித்தால் அது இரண்டு பேர் சண்டையாக முடியும்.

"என் பின்னாலயே சுத்தினான்." "டாஸ்க் பண்ணாம நின்னான்." இவற்றுக்குக் காரணம் கேட்டுவிட்டுக் குறிப்பான பதில் சொல்லுங்கள். "மெட்பேயில சாம்பிள் டாஸ்க், பட்டனை அழுத்திட்டு ஒரு நிமிஷம் காத்திருக்கணும், அதான் சுத்திட்டு இருந்தேன்" என்றால் அந்த டாஸ்க்கைச் செய்த எல்லோருக்கும் புரியும்.

"பேச்சே சரியில்ல, சஸ்ஸா இருக்கு." இதற்கு எதிர்வாதம் கிடையாது, இது வெறும் உணர்வு. வாதாடினால் இன்னும் சஸ் (சந்தேகத்துக்கு உரியவர்) ஆவீர்கள். "சரி, தோணலாம். நான் இருந்த இடம் இது, பார்த்த ஆள் இது" என்று திரும்பவும் தகவலுக்கே வந்துவிடுங்கள்.

நான்காம் படி: சரிபார்க்க ஏதாவது கொடுங்கள்

கண்ணகி பாண்டியன் அவையில் நின்றபோது தன் கணவன் நல்லவன் என்று சாட்சி தேடிக்கொண்டிருக்கவில்லை. என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்றாள். அரசியின் சிலம்பில் முத்துப் பரல் என்று அரசன் சொன்னான். அதன் பிறகுதான் சிலம்பை உடைத்தாள். உடைப்பதற்கு முன்பே, எது வெளியே வந்தால் யார் சொன்னது உண்மை என்று இரு தரப்பும் சொல்லியாகிவிட்டது. இந்த ஆட்டத்தில் தற்காப்புக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான்.

அப்படிச் சில சோதனைகள். ஸ்கேன் மீதி இருந்தால், "அடுத்த ரவுண்டுல நேரா மெட்பே போறேன், ரெண்டு பேர் கூட வாங்க. ஸ்கேன் வரலைன்னா என்னை வெளியேத்துங்க" என்று சொல்லலாம். டாஸ்க் பார் (க்ரூ மொத்தமாக எவ்வளவு வேலை முடித்தது என்று காட்டும் கோடு) எப்போதும் தெரியும்படி வைத்திருந்தால், "நான் அட்மின்ல அப்லோட் முடிக்கிறேன், அந்த நொடியில பார் ஏறுதான்னு பாருங்க" என்று சொல்லலாம். வேறு யாராவது அதே நேரத்தில் ஏதாவது முடித்தால் இது குழம்பும், அதனால் இதை அரைச் சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்மின் மேசையைப் பார்த்தவர் யாராவது இருந்தால், ஸ்டோரேஜில் எத்தனை தலை காட்டியது என்று கேளுங்கள். பெயர் தெரியாது, எண்ணிக்கை தெரியும். நீங்கள் தனியாக இருந்தேன் என்று சொன்ன நேரத்தில் அங்கே ஒன்று காட்டியிருந்தால் அது உங்கள் பக்கம்.

சில விஷயங்கள் சான்றுபோலத் தோன்றும், ஆனால் சான்றில்லை. இம்போஸ்டர் பழுதாக்கிவிட்ட ரியாக்டரைச் சரிசெய்தேன், ஓ2 (ஆக்சிஜன்) எண்ணை அடித்தேன் என்பதெல்லாம் இம்போஸ்டரும் செய்யக்கூடியதுதான். பாடியை ரிப்போர்ட் அடித்தது நான்தான் என்பதும் அப்படியே. இவற்றை முன்னால் வைத்தால், வேறு ஒன்றுமில்லாததால் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பார்கள்.

ஐந்தாம் படி: கேள்வி கேளுங்கள்

உங்கள் பதிலைச் சொல்லி முடித்ததும் அமைதியாகிவிடாதீர்கள். குற்றம் சொன்னவரிடம் நிதானமாகக் கேளுங்கள்: "என்னைப் பார்க்கும்போது நீ எங்க நின்ன? யார் கூட வந்த? அதுக்கு முன்னாடி எந்த ரூம்?" அவர் க்ரூவாக இருந்தால் பதில் தானாக வரும், புதிய தகவலும் கிடைக்கும். இம்போஸ்டராக இருந்தால் உங்களைப் பற்றித் தயார் செய்து வந்திருப்பார், தன்னைப் பற்றித் தயார் செய்திருக்க மாட்டார்.

எங்கள் குழுவில் ஆட்டம் திரும்பிய பல மீட்டிங்குகளில் குற்றம் சொன்னவரும் சரி, சொல்லப்பட்டவரும் சரி, இருவருமே க்ரூ. மூன்றாவது ஒருவர் வாயே திறக்காமல் இருந்திருப்பார். அதனால் "வேற யாராவது இன்னும் இடம் சொல்லலையா?" என்ற கேள்வியை நான் எப்போதும் கேட்பேன்.

ஆறாம் படி: வோட்டுக் கணக்கு

உங்களைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்பதைவிட, உங்களை இழந்தால் அணிக்கு என்ன ஆகும் என்று கணக்குக் காட்டுவது வேலை செய்யும். இம்போஸ்டர்களின் எண்ணிக்கை க்ரூவின் எண்ணிக்கைக்குச் சமமானால் ஆட்டம் முடிந்தது.

இரண்டு இம்போஸ்டரும் உயிரோடு இருக்க, 7 பேர் மிச்சம் என்றால் தவறான ஒரு வோட்டைத் தாங்கலாம். 4 க்ரூ இருப்பார்கள், அடுத்த கொலைக்குப் பிறகும் 3 பேர், இன்னொரு மீட்டிங் கிடைக்கும். 6 பேர் இருக்கும்போது தவறினால் 3 க்ரூ, அடுத்த கொலையோடு தோல்வி. 5 பேர் இருக்கும்போது தவறினால் அந்த இடத்திலேயே தோல்வி. ஆகவே 6 பேர் இருக்கையில் உறுதியான சான்று இல்லாமல் உங்களைக் குறிவைத்தால் ஸ்கிப் (யாரையும் வெளியேற்றாமல் விடும் வோட்டு) கேட்பதில் நியாயம் இருக்கிறது: "ஸ்கிப் பண்ணா ஒரு கொலைக்கு அப்புறமும் இன்னொரு மீட்டிங் இருக்கு. தப்பா வெளியேத்தினா இல்ல." 5 பேர் இருக்கும்போது ஸ்கிப் உதவாது, யாராவது ஒருவரைச் சரியாகப் பிடித்தாக வேண்டும். அங்கே உங்கள் வாதம் மற்றொருவரைப் பற்றிய சான்றாக இருக்க வேண்டும்.

வோட்டு சமமாக விழுந்தால் யாரும் வெளியேற மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். 7 பேரில் உங்களுக்கு எதிராக மூன்று உறுதி என்று தெரிந்தால், நம்பும் இரண்டு பேரையும் உங்களையும் சேர்த்து ஒரே இடத்தில் போடச் சொல்லுங்கள். ஏழாவது ஆள் வோட்டு போடவில்லை என்றால் மூன்றுக்கு மூன்று, அந்தச் சுற்று தப்பிக்கும். ஆளுக்கொரு பக்கம் சிதறினால் அந்த மூன்று வோட்டே போதும்.

வென்ட் குற்றச்சாட்டு போன்ற நேருக்கு நேர் மோதலில், ஆட்கள் நிறைய இருக்கையில் நான் ஒரு ஒப்பந்தம் வைப்பேன்: "என்னை வெளியேத்துங்க. நான் க்ரூன்னு திரையில வரும். அடுத்த மீட்டிங்ல யோசிக்காம அவனை வெளியேத்துங்க." வெளியேறியவர் யார் என்று காட்டும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால் மட்டுமே இது சரிவரும். ஒரு க்ரூவைக் கொடுத்து ஒரு இம்போஸ்டரை வாங்குவது 8, 9 பேர் இருக்கும்போது நல்ல வியாபாரம்.

அம்மா சத்தியம் வேண்டாம்

இதற்கெனத் தனியாக ஒரு பகுதி ஒதுக்குகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் ஆடும்போது முதலில் வருவது இதுதான். "அம்மா மேல சத்தியமா நான் இல்ல." குழந்தைகள் சொல்வார்கள், பெரியவர்களும் சொல்வார்கள். அது பலிக்கவும் செய்யும், பொய்ச் சத்தியம் யாரும் செய்ய மாட்டார்கள் என்று நமக்கு ஒரு நம்பிக்கை.

அதனாலேயே அது ஆட்டத்தைக் கெடுக்கிறது. க்ரூவாக இருக்கும்போது ஒரு முறை சத்தியம் செய்துவிட்டால், அடுத்த முறை இம்போஸ்டராக இருக்கையில் "சத்தியம் பண்ணு பார்ப்போம்" என்பார்கள். செய்தால் மனசு உறுத்தும், செய்யாவிட்டால் பிடிபட்டீர்கள். இரண்டு சனிக்கிழமைக்குள் எங்கள் குழுவில் தடயம், வாதம் எல்லாம் ஒழிந்து, சத்தியம் மட்டும் மிஞ்சியது. பிறகு ஒரு விதி வைத்தோம். சத்தியம், பந்தயம், ஃபோன் திரையைக் காட்டுவது, "நாளைக்கு உனக்கு பிரியாணி வாங்கித் தரேன்" எல்லாம் தடை. மீறினால் அந்தச் சுற்றில் உங்கள் வோட்டு கிடையாது. இந்த விதி வந்த பிறகுதான் எல்லோரும் பேசக் கற்றுக்கொண்டோம்.

இதே காரணத்துக்காக, எந்தப் பாத்திரம் வந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளப் பழகுங்கள். க்ரூவாக இருக்கும்போது வாயாடி, இம்போஸ்டராக இருக்கும்போது ஊமை என்றால், ஒரு நாள் தலைவலியில் அமைதியாக இருந்தாலே வெளியேற்றிவிடுவார்கள். நான் எல்லா மீட்டிங்கிலும், எனக்குத் தொடர்பே இல்லாவிட்டாலும், என் மூன்று அறைகளைச் சொல்லிவிடுவேன். அதுவே என் வழக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், சந்தேகம் வரும் நாளில் அது புதிதாகத் தோன்றுவதில்லை.

கடைக்குட்டிக்கு இருபது விநாடி

ஒவ்வொரு குழுவிலும் முதலில் வெளியேற்றப்படும் ஒருவர் இருப்பார். எங்களிடம் அது சித்தியின் கடைசி மகன், அப்போது பதினொரு வயது. பேசத் தொடங்குவான், அண்ணன்மார் குரலில் அமுங்கிவிடுவான், வோட்டு விழும். பல முறை அவன் சொல்ல வந்தது சரியான தகவல். ஒரு முறை வென்ட்டையே பார்த்திருந்தான்.

இப்போது யார் மீது குற்றம் வந்தாலும் இருபது விநாடி யாரும் குறுக்கே பேசக் கூடாது. ஹோஸ்ட் கலந்துரையாடல் நேரத்தைக் கூட்டி வைக்கிறார், அந்த நேரத்தில் வோட்டு பட்டன் வேலை செய்யாது. நீங்கள் குழுவில் மூத்தவராக இருந்தால், உங்கள் மீது சந்தேகம் இல்லாத மீட்டிங்கில் இந்த விதியைக் கொண்டுவாருங்கள். சந்தேகப்பட்ட நேரத்தில் கேட்டால் தப்பிக்கப் பார்க்கிறார் என்பார்கள். தனக்காகப் பேசத் தெரியாதவருக்கு நீங்கள் குரல் கொடுக்கலாம், ஆனால் கவனமாக: "அவன் சொல்றதை முழுசா கேட்போம்" என்று சொல்லுங்கள், "அவன் கண்டிப்பா க்ரூதான்" என்று நீங்கள் பார்க்காததற்குப் பொறுப்பேற்காதீர்கள்.

நீங்களே இம்போஸ்டர் என்றால்

சுருக்கமாகச் சொல்கிறேன். இதுவரை சொன்ன அதே வடிவத்தில்தான் பேச வேண்டும்: இடம், வேலை, ஆள், நேரம். வழியில் தொண்ணூறு பங்கு உண்மையாக இருக்கட்டும். உண்மையில் நடந்த அறைகளை, உண்மையில் பார்த்த ஆட்களைச் சொல்லி, கொலை நடந்த சில விநாடிகளை மட்டும் மறையுங்கள். அதற்குக் கொலைக்கு முன்பே யார் கண்ணிலாவது பட்டிருக்க வேண்டும். பொது டாஸ்க் எது என்று தெரியாமல் கார்டு ஸ்வைப் கதை விடாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற டாஸ்க் எதையும் செய்ததாகச் சொல்லாதீர்கள். கூட்டாளியைச் சான்றில்லாமல் காப்பாற்ற முனையாதீர்கள், ஒருவர் வெளியேறினால் அடுத்த மீட்டிங்கில் எல்லோரும் யார் அவருக்காகப் பேசினார்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

வெளியேற்றிவிட்டால்

எல்லாம் சரியாகச் செய்தும் சில சமயம் வோட்டு விழும். கோபத்தில் ஆப்பை மூடிவிடாதீர்கள். ஆவியாக இருக்கும்போது நீங்கள் முடிக்கும் டாஸ்க்கும் பாரில் சேரும். உயிரோடு இருக்கும் க்ரூ, இறந்த க்ரூ எல்லோருடைய டாஸ்க்கும் முடிந்தால் க்ரூ வென்றது, இம்போஸ்டரைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆவிக்குச் சுவர் தடையில்லை, கொலைக்குப் பயப்படவும் வேண்டாம், உயிரோடு இருப்பவரைவிட வேகமாக முடிக்கலாம். வயரிங்கில் இன்னும் ஒரு பெட்டி பாக்கி இருக்கிறதா என்று பட்டியலைப் பாருங்கள், நேராகச் சுவருக்குள் புகுந்து அங்கே போய்விடுங்கள்.